பவர் ஏஜென்டும் அவரே, எக்ஸிக்யூட்டரும் அவரே: சொந்தக்காரரிடம் கணக்குக் கேட்கும் வழி

பிள்ளைகளில் ஒருவர் பம்பாயில், ஒருவர் துபாயில், மகள் சென்னையில். ஊரோடு இருக்கிற ஒருவர் பெயருக்குப் பெரியவர் பவர், அதாவது தம் சார்பில் சொத்துக் காரியங்களைப் பார்க்கும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுப்பார். உயிலிலும் அவரையே நிறைவேற்றாளராக, அதாவது எக்ஸிக்யூட்டராகப் போட்டுவிடுவார். திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டை, அம்பை, வள்ளியூர், களக்காடு, எங்கே போனாலும் இந்த ஏற்பாடு சாதாரணம். பெரும்பாலும் அந்த ஒருவர்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார், வாய்க்கால் தண்ணீருக்கு மல்லுக்கு நின்றிருப்பார். அதனாலேயே அவரிடம் கணக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கும். "ஏட்டி, எங்கிட்டயே கணக்கு கேக்கியா?" என்று ஒரு வார்த்தை வந்தால் தங்கச்சிமார் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

சட்டத்தில் இதற்குக் கூச்சமே கிடையாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 213: முதல்வர் கேட்டால் முகவர் சரியான கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும். பவர் கொடுத்தவர் முதல்வர், வாங்கியவர் முகவர். அண்ணன், மச்சான், சித்தப்பா என்ற உறவு இதில் எதையும் மாற்றாது. நேர்மையாக நடந்தவருக்கும் எழுத்தில் ஒரு கணக்கு இருப்பது நல்லதுதான். நாளைக்கு வேறொரு பங்காளி கிளப்பினால் அவரைக் காப்பாற்றப்போவது அந்தத் தாள்தான்.

இறந்த தேதியில் ஒரு கோடு போடுங்கள்

ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு கிழியுங்கள். கோட்டின் மேல் பெரியவர் இறந்த தேதி. இடப்பக்கம் அதற்கு முன் நடந்தவை, வலப்பக்கம் பின் நடந்தவை. கிரையம், குத்தகை, வாடகை, பேங்கில் எடுத்த பணம், நகை, எல்லாவற்றையும் தேதிவாரியாக அந்தந்தப் பக்கம் எழுதுங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீரும். ஏனென்றால் பவர், கொடுத்தவரின் மூச்சோடு முடிகிறது. அடுத்த நாள் காலையில் அந்தப் பவரை வைத்து ஏடிஎம்மில் ஆயிரம் ரூபாய் எடுத்தாலும் அதற்கு அதிகாரம் இல்லை. கிரையம் எழுதிக் கொடுத்திருந்தால் பிரச்சினை இன்னும் பெரிது. வலப்பக்கம் அவர் செய்ததற்கெல்லாம் உயில் ஒன்றுதான் ஆதாரமாக இருக்க முடியும்.

கோட்டுக்கு முன்னாலும் ஒரு சின்னக் கோடு விழலாம். முதல்வருக்குப் புத்தி சுவாதீனம் போனாலும் முகவர் அதிகாரம் முடிகிறது என்கிறது பிரிவு 201. மறதி நோய் முற்றிய அப்பாவின் பவரை இரண்டு வருஷம் ஓட்டும் குடும்பங்கள் நிறைய. யாரும் இதை யோசிப்பதில்லை. நினைவு தப்பியவரின் சொத்தைப் பார்க்க வேண்டுமானால் காப்பாளராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத்தான் போகவேண்டிவரும். நோய் எப்போது முற்றியது என்று காட்ட நரம்பு டாக்டரின் சீட்டு, ஸ்கேன், மருந்துச் சீட்டு வேண்டும். அவற்றைத் தூர எறிந்துவிடாதீர்கள்.

யாருக்குக் கேட்கும் உரிமை

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெரியவர் உயிரோடு, தெளிவோடு இருக்கும்வரை கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கு மட்டுமே. மகன், மகள், பேரன் எவரும் தம் பெயரில் நோட்டீஸ் விட்டால், "நீ யார் கேட்க?" என்ற பதில் சட்டப்படி சரியாகவே இருக்கும். ஆகவே கடிதம் அவர் கையெழுத்தில், அல்லது ரேகையில், போகட்டும். அவர் பயப்படுகிறார், சாப்பாடும் மருந்தும் அந்த வீட்டில்தான் என்றால் பாதை வேறு: பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். திருநெல்வேலி, சேரன்மகாதேவி இரண்டு இடத்திலும் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு. பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை, பார்த்துக்கொள்ளாதபோது செல்லாது என்று அறிவிக்க அந்தச் சட்டத்தின் பிரிவு 23 இடம் தருகிறது. நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருந்தால் வேலை சுலபம். முதியோர் உதவி எண் 14567.

பெரியவர் இறந்தபின் அந்த உரிமை அவருடைய சட்டப்பிரதிநிதிகளுக்கு வருகிறது. இதில் ஒரு முடிச்சு உண்டு. உயிலில் எக்ஸிக்யூட்டர் இருந்தால் இறந்தவரின் சட்டப்பிரதிநிதி அவர்தான்; இறந்தவருக்கு வரவேண்டிய பணத்தை வசூலிக்கும் வேலையும் அவருடையது. பவர் ஏஜென்ட் தரவேண்டிய பாக்கியும் அந்த வசூலில் சேரும். இரண்டு பொறுப்பும் ஒரே ஆளிடம் இருந்தால், அவர் தம்மிடமிருந்தே வசூலிக்க வேண்டும். எவர் வசூலிப்பார்? வழக்குப் போடுவதற்கான மூன்று வருஷக் கெடு நழுவுவது இந்த முடிச்சில்தான். இதை அவிழ்க்கும் வழி கீழே வருகிறது.

காகிதம் சேர்ப்பது

முதலில் வில்லங்கம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். பெயரை வைத்துத் தேடாதீர்கள். கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் வைத்துத் தேடுங்கள். பவர் எழுதிய தேதிக்கு ஒரு வருஷம் முன்னாலிருந்து இன்று வரை போட வேண்டும். உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் தனித்தனியே போட்டுப் பார்க்கவும். கிராமங்கள் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கும். பழைய அலுவலகத்தை விட்டுவிட்டால் பத்து வருஷப் பதிவு கண்ணில் படாமல் போகும். உயில் வில்லங்கத்தில் வராது, அது சார்பதிவகத்தின் 3-ஆம் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கும் அவர் முகவருக்கும்தான். இறந்தபின் யார் கேட்டாலும் தருவார்கள், இறப்புச் சான்று கொண்டுபோனால் போதும். "உயிலைக் காட்டமாட்டேங்காவ" என்று புலம்புவதற்கு முன் சார்பதிவகத்தில் ஒரு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். பதிவு செய்யாத உயிலும் செல்லும். அப்படியானால் அசலைக் காட்டச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டியதுதான்.

பவர் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரம் பழையதாக இருந்து 4-ஆம் புத்தகத்தில் பதிவாகியிருந்தால், எழுதிக் கொடுத்தவருக்கோ அவர் பிரதிநிதிக்கோதான் நகல் கிடைக்கும். வாரிசுச் சான்று கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அசையாச் சொத்துக்கான பவரைப் பதிவு செய்வது கட்டாயம். இங்கே எழுதி, பதிவில்லாமல் வெறும் நோட்டரி முத்திரையோடு இருக்கும் அதற்குப் பிந்திய பவரைக் கண்டால் சந்தேகப்படுங்கள். வெளிநாட்டில் தூதரகத்தில் எழுதி வந்தது தனி. அதை இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

நகல் கிடைத்ததும் என்னென்ன அதிகாரம் கொடுத்திருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். வாடகை வாங்க, வழக்கு நடத்த என்று மட்டும் இருந்தால் விற்க முடியாது. விற்க அதிகாரம் இருந்தாலும் தானமாக எழுதிக் கொடுக்கத் தனி அதிகாரம் வேண்டும். பவரை வைத்துத் தம் மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ செட்டில்மென்ட் எழுதியிருந்தால், அந்த ஒரு பத்திரத்திலேயே பாதி வழக்கு இருக்கிறது. முகவர் முதல்வரின் சம்மதமில்லாமல், எல்லாவற்றையும் சொல்லாமல், தமக்கே வியாபாரம் பண்ணிக்கொண்டால் முதல்வர் அதை மறுக்கலாம் (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 215). லாபத்தைத் திரும்பக் கேட்கலாம் (216).

கிரையப் பத்திரத்தில் பார்க்க வேண்டியவை: வாங்கியவர் யார், அவர் ஏஜென்டுக்கு என்ன உறவு, தொகை ரொக்கமா, காசோலையா, காசோலை என்றால் யார் கணக்குக்குப் போனது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற டாக்டர் சான்று இணைத்திருக்கிறதா, அதில் என்ன தேதி. நிலக்கிரையத்தில் ரூ.20,000-மும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015-லிருந்து வருமான வரிச் சட்டம் சொல்கிறது. இரு தரப்புக்கும் விவசாய வருமானம் மட்டும் என்றால் விலக்கு உண்டு, ஆகவே ரொக்கம் என்றாலே திருட்டு என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் பல லட்சம் ரொக்கமாக 'முன்னரே பெற்றுக்கொண்டு' என்று எழுதியிருந்தால், அந்தப் பணம் பெரியவர் கைக்கு வந்ததா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

இவற்றோடு பேங்க் பாஸ்புத்தகம், ஸ்டேட்மென்ட், சிட்டா, அடங்கல், வீட்டுத்தீர்வை ரசீது, கரண்ட் கார்டு, குத்தகைச் சீட்டு, ஆஸ்பத்திரி பில். வாட்ஸாப் பேச்சை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கோர்ட்டில் அதைக் காட்ட, சாட்சியச் சட்டம் கேட்கும் சான்றிதழ் ஒன்றை இணைக்கவேண்டிவரும். அசல் போன் கையில் இருந்தால் அது எளிது.

கேட்கும் கடிதம்

வக்கீல் நோட்டீஸுக்கு முன் குடும்பக் கடிதம் ஒன்று போகட்டும். மரியாதையாக, குற்றச்சாட்டே இல்லாமல். கோபத்தில் 'நீ திருடிவிட்டாய்' என்று எழுதினால் அடுத்த கல்யாணம் வரைக்கும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச்சு ஓடும், கணக்கு மறந்துபோகும். மாதிரி ஒன்று:

"அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, அப்பா 12.6.2021 அன்று உங்களுக்குப் பதிவு செய்து கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தின்படி நீங்கள் பார்த்துவந்த சொத்துகளுக்கு, அந்தத் தேதி முதல் அப்பா காலமான 3.2.2024 வரை வரவு செலவுக் கணக்கும், அதற்கான ரசீதுகளின் நகலும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக: அ) வீட்டு வாடகையும் அட்வான்ஸும், ஆ) நஞ்சைக் குத்தகை, கார், பிசானம் இரண்டு பூவுக்கும் தனித்தனியே, இ) தெற்குத் தோட்டம் கிரையத் தொகை எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற விவரம், ஈ) அப்பாவின் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்த தொகைகள், உ) லாக்கரில் இருந்த நகைகளின் பட்டியல். 4.2.2024 முதல் உயிலின் நிறைவேற்றாளராக நீங்கள் நடத்தியவற்றுக்கு வேறு தாளில் கணக்கு வேண்டும். இக்கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் தந்தால் நலம்."

தேதிகளும் சொத்தும் வெறும் உதாரணம். இரண்டு காலத்துக்கும் இரண்டு கணக்கு என்று கேட்பது முக்கியம். ஒரே கணக்காகக் கொடுத்தால் பவர் காலத்துப் பற்றாக்குறையைச் சாவுச் செலவில் கரைத்துவிடலாம். பழைய பதிவுத்தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்டிலேயே ரெஜிஸ்ட்ரேஷனும் ஒப்புகையும் கேட்டு அனுப்புங்கள். ரசீதையும் ஒப்புகை அட்டையையும் கடித நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். வாங்க மறுத்துத் திரும்பிவந்தால் உறையைப் பிரிக்காதீர்கள், அப்படியே வைத்திருங்கள்.

வந்த கணக்கை உரசிப் பார்ப்பது

பெரும்பாலும் வருவது ஒரு பக்கத் தாள்: 'ஆஸ்பத்திரி 4 லட்சம், வேலைக்காரி 2 லட்சம், வீடு மராமத்து 3 லட்சம், வரவு போதவில்லை, என் கைக்காசு போட்டேன்.' இந்த மாதிரி முழு எண்ணாக வரும் கணக்கை அப்படியே மறுக்காதீர்கள், அப்படியே ஏற்கவும் வேண்டாம். வெளியாள் எழுதிவைத்த பதிவோடு வைத்துப் பாருங்கள்.

வாடகையை எடுத்துக்கொள்வோம். வீட்டு வாடகை மாதம் ரூ.9,000, பவர் காலம் 30 மாதம், ரூ.2,70,000 வந்திருக்க வேண்டும். கணக்கில் 1,80,000 மட்டும் இருக்கிறது, 'பத்து மாசம் காலியா கிடந்துச்சு' என்கிறார். கரண்ட் கார்டைப் பாருங்கள். தொகையைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் குடியிருந்தும் பில் பூஜ்யமாக இருக்கும். காலியாகக் கிடந்த வீட்டில் யூனிட் ஒன்றோ இரண்டோ ஓடும், எண்பது ஓடாது. அந்த ஐந்து பில்லின் ரீடிங் கையில் இருந்தால் மேற்கொண்டு வாக்குவாதம் தேவைப்படாது.

நஞ்சைக்கு அடங்கல். எந்தப் பசலியில் (வருவாய்த்துறை ஆண்டில்) எந்தப் பூவில் (போகத்தில்) என்ன பயிர் என்று விஏஓ எழுதியிருப்பார். கார் சாகுபடி பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறப்பதைப் பொறுத்தது; தண்ணீர் விடாத வருஷம் கார் விளைச்சல் இல்லை என்றால் அது உண்மையாக இருக்கலாம். பிசானமும் இல்லை என்றால் அடங்கலைக் காட்டிக் கேளுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டிருந்தால் பணம் பேங்க் கணக்குக்குத்தான் வந்திருக்கும். யார் கணக்குக்கு என்று பாருங்கள். குத்தகை நெல்லாகவா, பணமாகவா, ஒரு கோட்டை (நெல் அளவு) நெல்லுக்கு என்ன விலை போட்டார்கள் என்பதைக் குத்தகைக்காரரிடம் நேரில் போய்க் கேட்கலாம், பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்வார். வைக்கோல் பணத்தை எல்லாரும் மறப்பார்கள், ஏஜென்டும் மறப்பார். ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைக்கோ பாதைக்கோ நிலம் விட்டிருந்தால் அதன் பத்திரமும் வரவும். திசையன்விளைப் பக்கம் என்றால் பனைப் பாட்டம், அதாவது பனைமரக் குத்தகை.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி, இறுதி பில், பணம் கட்டிய ரசீது மூன்றும் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ தனியார் காப்பீட்டிலோ எவ்வளவு கழிந்தது என்று பில்லின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாள்களுக்குப் பெரிய தொகை போட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள். அதே சமயம் பெட்டுப்பக்கம் இருந்து பார்த்தவரின் ஆட்டோ, சாப்பாடு, வெளியே வாங்கிய மருந்து, டயப்பர், இதற்கெல்லாம் ரசீது இருக்காது. நியாயமான ஒரு மாதத் தொகையை ஒப்புக்கொள்ளுங்கள். சில்லறையில் இழுபறி பண்ணினால் தெற்குத் தோட்டத்துக் கணக்கு வெளியே வராது.

மேலும் போகாமல் நிறுத்த

பெரியவர் உயிரோடு இருந்தால் பவரை ரத்து செய்யும் ஆவணத்தைப் பதிவு செய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பவர் வாங்கியவருக்கு அந்தச் சொத்திலேயே பணம் போட்டு உரிமை இருந்தால் மட்டும் இது அவ்வளவு எளிதல்ல (பிரிவு 202). ரத்து எப்போது செல்லும் என்பதில்தான் கவனம்: ஏஜென்டுக்குத் தெரிந்தபின் அவரைப் பொறுத்தும், வெளியாளுக்குத் தெரிந்தபின் அந்த வெளியாளைப் பொறுத்தும் (பிரிவு 208). ஆகவே ஏஜென்டுக்குத் தபால், பேங்குக்கு ஒப்புகையோடு கடிதம், வாடகைக்காரர், குத்தகைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம், உள்ளூர்ப் பதிப்பில் ஒரு பத்திரிகை அறிவிப்பு. இவை இல்லாமல் ரத்துப் பத்திரத்தை மட்டும் பீரோவில் வைத்திருந்தால், தெரியாமல் வாங்கினேன் என்பவரோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

இறந்தபின் ரத்து தேவையில்லை. பேங்குக்கு இறப்புச் சான்று கொடுங்கள். முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவைத்த செக்குகள் அதோடு நிற்கும். நாமினி என்று பெயர் இருப்பதால் பணம் அவருக்கே சொந்தம் ஆகிவிடாது. பேங்கிலிருந்து வாங்கிக்கொள்ளும் உரிமைதான் அது. பங்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதையே மறுபடி சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மனைவி, கணவர், பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் 2015 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை வேறு.

சார்பதிவாளரிடம் ஆட்சேபணை மனு கொடுக்கலாம், கொடுங்கள். ஆனால் அதை நம்பித் தூங்காதீர்கள். கோர்ட் தடை உத்தரவு இருந்தால்தான் பதிவு உறுதியாக நிற்கும். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022-ல் கொண்டுவந்த பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவை சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதைச் சொல்லிப் பணம் வாங்கும் தரகர்களிடம் மாட்ட வேண்டாம். தாசில்தாருக்கும் ஒரு ஆட்சேபணை கொடுத்துவைத்தால் பட்டா மாறுதலுக்கு முன் உங்களையும் விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

எக்ஸிக்யூட்டர் என்ன செய்திருக்க வேண்டும்

வரிசை உண்டு. முதலில் சாவுச் செலவு, இறந்தவரின் நிலைக்குத் தக்க அளவு. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ஐந்நூறு பேருக்கு இலை போட்டுவிட்டு முழுத்தொகையையும் சொத்தில் எழுதினால் கேள்வி கேட்கலாம். பிறகு கடன்கள், அதற்குப் பிறகே உயில்படி கொடுக்க வேண்டியவை. இறந்த நாளிலிருந்து ஒரு வருஷம் வரை பங்கைக் கொடுக்கச் சொல்லி அவரை நெருக்க முடியாது (இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, பிரிவு 337). அந்த வருஷத்தில் கணக்குக் கேட்கக் கூடாது என்று பொருள் இல்லை. இறந்தவர் சொத்தை அவரே வாங்கிக்கொண்டால், பாதிக்கப்பட்டவர் அந்தக் கிரையத்தை உடைக்கலாம். சொத்தைத் தவறாகச் செலவழித்தாலும், வசூலிக்க வேண்டியதை வசூலிக்காமல் விட்டாலும் நட்டம் அவர் தலையில் (368, 369).

பவர் பாக்கி முடிச்சை அவிழ்ப்பது இந்த 369. ஏஜென்டாகத் தாம் தரவேண்டிய பாக்கியை எக்ஸிக்யூட்டராக வசூலிக்காமல் விட்டதே ஒரு தவறு. இரண்டையும் ஒரே வழக்கில் கேட்கலாம்.

ப்ரோபேட், அதாவது உயில் மெய் என்று கோர்ட் தரும் சான்று, வாங்கிய எக்ஸிக்யூட்டர் 6 மாதத்தில் சொத்துப் பட்டியலும் ஒரு வருஷத்தில் கணக்கும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும் (பிரிவு 317). ஆனால் திருநெல்வேலியில் எழுதி, இங்கேயே சொத்து இருக்கும் உயிலுக்கு ப்ரோபேட் கட்டாயம் இல்லாததால் பெரும்பாலோர் வாங்குவதில்லை. அதனால் அந்தக் கடிகாரம் ஓடவே தொடங்குவதில்லை. யாராவது கோர்ட்டுக்குப் போனால்தான் கணக்கு. உயிலில் கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளையும் சீக்கிரமே போய்ப் பாருங்கள். வழக்கு வந்தால் உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது கூண்டேற வேண்டும், அவர்களுக்கும் வயதாகிறது.

கோர்ட்டும் போலீஸும்

ஏஜென்டிடம் பணக்கணக்குக் கேட்கும் வழக்குக்குக் காலவரையறை 3 வருஷம். பவர் நடப்பில் இருக்கும்போதே கேட்டு மறுத்திருந்தால் மறுத்த நாளிலிருந்து. கேட்காமலே இருந்திருந்தால் பவர் முடிந்த நாளிலிருந்து, அதாவது இறந்த நாளிலிருந்து. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கும், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷம். உயில்படி வரவேண்டிய பங்குக்கு 12 வருஷம். '12 வருஷம் இருக்குல்லா' என்று இருந்தவர்கள் 3 வருஷத்தைத் தவற விடுகிறார்கள். 'வருஷாந்திரம் முடியட்டும், தம்பி துபாயிலிருந்து வரட்டும்' என்று தள்ளுவது இங்கே வழக்கம். அதற்குள் ஒரு வருஷம் போயிருக்கும்.

கேட்க வேண்டிய வழக்கு: எஸ்டேட் நிர்வாக வழக்கும் கணக்கு வழக்கும். கோர்ட் முதலில் முதனிலைத் தீர்ப்பில் கணக்குத் தாக்கல் செய்ய உத்தரவிடும், ஆணையரை நியமித்துப் பரிசோதிக்கும், அதன்பின் இறுதித் தீர்ப்பு. எவ்வளவு பாக்கி என்று உங்களுக்கு இப்போதே துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. உத்தேசத் தொகைக்குக் கட்டணம் கட்டி, பிற்பாடு அதிகம் வந்தால் மிச்சத்தைக் கட்டலாம். கூடவே விற்கத் தடை உத்தரவும், வாடகை, குத்தகை வசூலிக்க ரிசீவரும் கேளுங்கள். எல்லா வாரிசுகளையும் தரப்பினராகச் சேர்க்க வேண்டும், உங்கள் பக்கம் இருப்பவர்களையும். ஒருவரை விட்டால் அதிலேயே இழுக்கும். எக்ஸிக்யூட்டரையே நீக்க வேண்டுமானால் வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 301-ன்படி மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். அது கடைசி ஆயுதம். தாமதம் மட்டும் காரணமாக இருந்தால் எளிதில் கிடைக்காது.

போலீசில் 'சிவில் மேட்டர்' என்பார்கள், பல சமயம் சரியாகவே சொல்வார்கள். கணக்கு தராதது மட்டும் குற்றமாகாது. இறந்தபின் பவரைப் பயன்படுத்தியது, பொய்யான உயிர்வாழ் சான்று, கையெழுத்துப் போலி, ஒப்படைத்த பணத்தைத் தம் கணக்குக்கு மாற்றியது, இவற்றுக்கு ஆவணம் இருந்தால் மனு கொடுக்கலாம். கிராமப்பகுதி என்றால் எஸ்பி அலுவலகத்தின் மாவட்டக் குற்றப்பிரிவு. மாநகர எல்லை என்றால் கமிஷனர் அலுவலகத்தின் மத்தியக் குற்றப்பிரிவு. மனு ரசீது வாங்காமல் வராதீர்கள். 1.7.2024-க்கு முன் நடந்ததற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம், பின் நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா. நம்பிக்கை மோசடிக்கு அதில் பிரிவு 316. வழக்குப் பதியவே மாட்டேன் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், எண் 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம்.

பேசி முடிக்கும்போது

நாட்டாமையோ, சபைப் பெரியவர்களோ, ஜமாத்தோ பேசி முடித்தால் நல்லதே. ஆனால் வெற்றுத்தாளிலும், 'எனக்குச் சேரவேண்டியது முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளிலும் பணம் கணக்குக்கு வருமுன் கையெழுத்துப் போடாதீர்கள். விடுதலைப் பத்திரம் என்றால் படிக்க ஒரு நாள் கேளுங்கள். ஒரு பட்டுச்சேலையும் ஒரு லட்சமும் கொடுத்துத் தங்கச்சியை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போவது இந்தப் பக்கம் இன்றும் நடக்கிறது, பத்திரத்தில் எந்தெந்த சர்வே எண் இருந்தது என்று அவளுக்கு வில்லங்கம் போடும்போதுதான் தெரியும். அதில் ஒரு வரி 'பவர் காலத்துக் கணக்கு சம்பந்தமாக எவ்விதப் பாத்தியமும் இல்லை' என்று இருந்தால் தோட்டத்துக் கிரையப் பணமும் அதோடு போயிற்று.

நிலத்தில் உரிமை மாறும் ஏற்பாடு பதிவாக வேண்டும். ஊர்க்கூட்டத்துத் தாள் அதற்குப் போதாது. இதைவிட எளிது, பேசி முடித்ததை லோக் அதாலத்தில் பதிவு செய்வது. வழக்குப் போடாமலே தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்து அங்கே கொண்டுவரலாம். அங்கே எழுதுவது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. நடந்துகொண்டிருந்த வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்குக்கு எவ்வளவு, தவறினால் என்ன வட்டி, மூலப்பத்திரங்களும் லாக்கர் சாவியும் யாரிடம் எந்த நாளில் ஒப்படைக்கப்படும் என்பதையெல்லாம் அதில் எழுதச் சொல்லுங்கள்.